குரல் சீர்

பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்த அன்று காலை என் மாமியார் என்னைப் பதினோரு தடவை கூப்பிட்டார். அவர் இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

முதல் தடவை பாலுக்காக. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஜன்னல் கம்பியில் ஏறிக்கொண்டிருந்த எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் போகிற எறும்பு நின்றால் பின்னால் வருவதும் நிற்கிறது. எதற்காக நிற்கிறோம் என்று பின்னால் வருவதற்குத் தெரியுமா? இடது காதுக்குள் அத்தை சொன்னார்: "பால்."

திரும்பினேன். பால் பாத்திரத்தின் விளிம்புக்கு வந்திருந்தது. அணைத்தேன்.

அந்தக் குரலில் கோபம் இருக்காது. அன்பும் இருக்காது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபம் இருக்கும். காது கொடுத்துக் கேட்டால் தூரத்தில் நாதஸ்வரம், பாத்திரச் சத்தம், யாரோ ஒருவர் பந்தியில் "ரசம், ரசம்" என்று கூவிக்கொண்டு போவது எல்லாம் மெலிதாகக் கேட்கும். "பால்" என்று அத்தை சொல்லும்போதெல்லாம் அந்த ஆள் எனக்கு ரசம் ஊற்ற வருகிறார். என் கல்யாணத்தில் பதிவான குரல் அது.

பதிவாகியிருப்பது என் தோட்டில். மருத்துவர்கள் அதற்கு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் தோடு என்றுதான் சொல்வோம், ஏனென்றால் பார்க்க அப்படித்தான் இருக்கும். மிளகு அளவு வெள்ளைக் கல், பின்னால் திருகாணி. கவனச்சிதறல் உள்ள பெண்களுக்கு ஊரிலுள்ள கவனச் சோதனை நிலையத்தில் போட்டுவிடுவார்கள். கையிலிருக்கும் வேலையை விட்டு மனசு ஏழு விநாடி நகர்ந்தால் அது கூப்பிடும். எத்தனை தடவை கூப்பிட்டது என்று மாசக் கடைசியில் பொறுப்பாளரின் போனுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண்ணாகப் போகும்; கூப்பிட்டது குறைந்தால் மதிப்பெண் கூடும். பொறுப்பாளர் என்றால் கல்யாணத்துக்கு முன் அம்மா, பிறகு கணவர். திருகாணியை நாமே கழற்ற முடியாது. பொறுப்பாளர் நிலையத்துக்கு வந்து கட்டைவிரல் வைத்தால்தான் கழலும்.

எனக்கு அதை ஒன்பதாம் வகுப்பில் போட்டார்கள். அப்போது அதில் என் அம்மாவின் குரல் இருந்தது. அறிவியல் வகுப்பில் நான் மின்விசிறியின் இறக்கையில் ஒட்டியிருந்த நூலாம்படை எத்தனை சுற்றுக்கு ஒருமுறை துடிக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். காதுக்குள் "கௌசிகா!" என்றாள் அம்மா. நான் எழுந்து நின்று, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி "வந்துட்டேம்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். அடுத்த வாரம் இன்னொரு தடவை அப்படி ஆயிற்று. அதன்பிறகு வழியில் பார்க்கிற பிள்ளைகள்கூட "வந்துட்டேம்மா" என்று என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மழைக்காக ஒருநாள் பள்ளிக்கூடம் போகாமல் நின்றேன். மழை விட்டது, நான் போகவில்லை. யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை.

தோடு போட்ட பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு சீர் சேர்ந்துகொண்டது. குரல் சீர் என்பார்கள். தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் அம்மா கடைசியாக ஒரு தடவை கட்டைவிரல் வைத்துத் தோட்டைக் கழற்றி வெற்றிலைத் தட்டில் வைப்பாள். அதற்காக நிலையத்திலிருந்து ஒருவர் சின்னக் கருவியோடு மண்டபத்துக்கே வந்திருப்பார். பழைய குரலை அழித்துவிட்டு மாப்பிள்ளையை ஆறு வார்த்தை பேசச் சொல்வார். ஒரு தோட்டில் ஒரு குரல்தான் நிற்கும். அம்மா வீட்டுக் குரல் போய், புகுந்த வீட்டுக் குரல் வர வேண்டும்.

அம்மாவின் குரல் அழிந்தபோது அம்மா அழுதாள். எனக்கு ஒரு நிமிஷம் காது காலியாக இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் நான் பார்த்ததெல்லாம் இன்னும் நினைவிருக்கிறது. அப்பாவின் புது வேட்டியில் கடை ஒட்டிய சீட்டு. மேடைப் பூவுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு தேனீ. என் கணவரின் தொண்டையில் கட்டியிருந்த மப்ளர்.

மப்ளருக்குக் காரணம், மூன்று நாளாக வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று கூவிக்கூவி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கருவிக்கு முன்னால் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. கருவி மூன்று தடவை சிவப்பு விளக்கு காட்டியது.

"தள்ளு தரணி, நான் பேசறேன்" என்று அத்தை முன்னால் வந்தார். "ஒரு வாரம் போகட்டும். தொண்டை சரியானதும் மாத்திக்கலாம்."

அந்த ஒரு வாரம் ஒன்பது வருஷம் ஆயிற்று.

பால். கதவு. என்ன பண்ற? கேக்குதா? போதும், எந்திரி. கௌசி, இங்க பாரு. இவைதான் அந்த ஆறு. எந்த இடத்தில் எதைச் சொல்வது என்று தோடு தானாகக் கற்றுக்கொண்டது.

ஏழாவது ஒன்றும் இருக்கிறது. அது மண்டபத்தில் பேசியதல்ல.

நான் வீட்டில் பிசிறு வெட்டுகிறேன். திருப்பூரில் பாதிப் பெண்கள் செய்கிற வேலைதான். தைத்து வந்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டி, மடித்து, பெட்ஷீட்டில் மூட்டை கட்டி வைத்தால் டெம்போ வந்து எடுத்துக்கொண்டு போகும். என் மகள் அல்லி ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது, ஒருநாள் மடித்த பனியன் குவியலின் மேலேயே தூங்கிவிட்டாள். மெத்தென்று இருந்ததால் விட்டுவிட்டேன். டெம்போ ஹார்ன் கேட்டது. வாசலுக்கு ஓடினேன். டெம்போவின் பின்கதவில் யாரோ சாக்பீஸால் ஒரு மீன் வரைந்திருந்தார்கள். மீனுக்கு இமை வரைந்திருந்தார்கள். மீனுக்கு இமை உண்டா என்று யோசித்துக்கொண்டே உள்ளே வந்து நான்கு மூலையையும் இழுத்து முடிச்சுப் போட்டேன். டிரைவர் மூட்டையைத் தோளில் ஏற்றிய பிறகுதான் மூட்டை அழுதது.

அத்தை ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. குழந்தையைப் பிரித்தெடுத்து மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் தனியாக பஸ் ஏறி நிலையத்துக்குப் போய், ஏழாவதாக ஒன்றைப் பேசிவிட்டு வந்தார். அதில் நாதஸ்வரம் இல்லை, ரசம் இல்லை. சத்தமே இல்லாத அறையில் அவர் மெதுவாகக் கேட்கிறார்: "புள்ள எங்க?" அல்லி என் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் தோடு அதைச் சொல்லும். அதற்காக நான் அவரை வெறுக்க முடியவில்லை. அதுதான் கஷ்டம்.

அத்தை இறந்தது ஒரு மார்கழியில். துணி காயப்போட மாடிக்குப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். கூடத்தில் கிடத்தியிருந்தபோது நான் அவர் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைப் பார்த்தேன். அது எங்கள் பழைய திரைச்சீலையின் கரை. அந்தத் திரைச்சீலை மாட்டியிருந்த வீட்டுக்கு மனசு போய்விட்டது. "கௌசி, இங்க பாரு" என்றார் அத்தை.

பார்த்தேன்.

இதை என் கணவரிடம் நான் சொல்லியிருக்கவே கூடாது. அத்தை போய் நாற்பது நாள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்தேன்.

"ஏன் எந்திரிச்ச?" என்றார்.

"அத்தை எந்திரின்னாங்க."

அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரிந்தது. அவர் அருகே வந்து உட்கார்ந்தார். "இன்னொருக்கா சொல்லச் சொல்லு."

"நான் சொன்னா அது பேசாதுங்க மாமா. என் மனசு எங்கயாச்சும் போகோணும்."

"அப்பப் போ."

"எங்க போறது?"

"எங்கயாச்சும் போ. நீதான் எப்பப் பாத்தாலும் போவியே."

என் காதோடு காது வைத்துக் காத்திருந்தார். அவர் தலையிலிருந்து தேங்காய் எண்ணெயும் நிட்டிங் மிஷின் எண்ணெயும் கலந்து வாசம் வந்தது. பகல் வெளிச்சத்தில் அவர் அவ்வளவு பக்கத்தில் வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. என் மனசு எங்கேயும் போகவில்லை. பத்து நிமிஷம் ஆயிற்று. தோடு வாயைத் திறக்கவில்லை.

"என்ன கௌசி, வேணும்னே பண்றியா?"

"இல்லீங்க மாமா."

"எனக்குன்னா மட்டும் நீ கரெக்டா இருப்ப" என்று எழுந்து போனார்.

அதற்குப் பிறகு அவரே வழி கண்டுபிடித்தார். நான் வெங்காயம் உரிக்கும்போது பின்னால் வந்து சத்தமில்லாமல் காது வைப்பார். வெங்காயத்துக்கு என் மனசு நிற்காது. அத்தை பேசுவார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

ஒருநாள் கேட்டேன். "மாமா, இப்பத்தான் உங்க தொண்டை நல்லாருக்குதுங்களே. உங்க குரலையே மாத்திக்கலாமுங்களா? இல்லைன்னா கழட்டிடலாமுங்களா?"

"மாத்துனா அம்மா அழிஞ்சிரும்."

"அத்தை பேசுன வீடியோ உங்க போன்ல இருக்குதுங்களே."

"போன்ல இருக்கறது அம்மா பேசுனது" என்றார். "இது அம்மா பேசறது."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய்த் தொட்டி நிரம்பி எங்கள் வீதியே ஈரமாகும். வண்டிச் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வீடெல்லாம் தேடுவார். ஆம்பளைக்கு ஆயிரம் யோசனை இருக்கும் என்று அத்தையே சொல்வார். அவர் காதில் யாரும் கூப்பிடுவதில்லை.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். எறும்பு பார்த்த அன்று வந்த கடிதம். அல்லிக்கு ஏழு வயசு, இரண்டாம் வகுப்பு. 'ஜன்னலோரம் உட்கார்ந்தால் குழந்தை வகுப்பில் இல்லை. ஜன்னலிலிருந்து மாற்றி உட்கார வைத்தாலும் வகுப்பில் இல்லை. இன்றிலிருந்து நாற்பதாவது நாள், வியாழக்கிழமை, நிலையத்தில் சோதனைக்கு அழைத்து வரவும்.'

நான் அதை நான்கு தடவை படித்தேன். அவர் ஒரு தடவை படித்துவிட்டு, மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

"கௌசி, ரத்த சொந்தம்னா ஒரு தோட்டுல இருக்கற குரலை இன்னொரு தோட்டுக்கு அப்படியே ஏத்தித் தருவாங்களாம். எங்க சூப்பர்வைசர் வீட்டுல பண்ணிருக்காங்க. மனு எழுதிக் குடுத்தாப் போதுமாம்."

"எதுக்குங்க மாமா?"

"பாப்பாவுக்கு அவ அப்பத்தா மொகமே மறந்துட்டு வருது. தெனமும் பேசுனாப் பழகிக்குவால்ல?"

அவர் கண்கள் ஈரமாக இருந்தன. என் மகள் காதில், அவள் பிறக்கும் முன்பே நடந்த பந்தியில், ஒரு ஆள் ரசம் ரசம் என்று கூவிக்கொண்டே இருப்பார். அவளுக்குக் கல்யாணம் ஆகும் வரை. பிறகு வேறு யாரோ கூவுவார்கள்.

மறுநாளே நிலையத்துக்குப் போனேன். பெனாசிர் மேடம் பத்து வருஷமாக அங்கே இருக்கிறார். மேஜை இழுப்பறையில் முறுக்கு வைத்திருப்பார்.

"வாம்மா கௌசிகா. போன மாசம் எழுபத்தொண்ணா? இறங்கியிருக்கே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்காக வரலீங்க மேடம். என் பொண்ணுக்காக. தோடு போடாம விட முடியாதுங்களா?"

"சோதனையில வர்றதைப் பொறுத்தும்மா."

"பசங்களுக்கும் இந்தச் சோதனை உண்டுங்களா?"

"பசங்களுக்கா?" என்று சிரித்தார். "அதுங்க துறுதுறுன்னுதான் இருக்கும், வளந்தா சரியாயிடும்னு எழுதிடுவாங்க. பொண்ணுன்னா நாளைக்கு அடுப்புகிட்ட நிக்கணும்ல." அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொன்னார்.

"மேடம், நான் எறும்பையே அரைமணி நேரம் அசையாமப் பாப்பேன். அதுவும் கவனம்தானுங்களே? அதுக்கு ஏன் கூப்பிடுது?"

"எறும்பு உன் பட்டியல்ல இல்லையேம்மா. அடுப்பு, துணி, பிள்ளை, பிசிறுன்னு உன் மாமியார் எழுதிக் குடுத்த பட்டியல்தான் அதுக்கு வேதம். அதை விட்டு மனசு நகர்ந்தா காதுல ஓடற ரத்தத்தை வெச்சு அதுக்குத் தெரிஞ்சிடும். போன இடம் நல்ல இடமா கெட்ட இடமான்னெல்லாம் அதுக்குத் தெரியாது."

"சோதனையில என்ன பண்ணுவாங்க?"

"ஒரு கூடை பட்டன் குடுப்போம். நாப்பது நிமிஷம். நிறம் நிறமா பிரிக்கணும். கூப்பிடாத தோடு ஒண்ணு மாட்டிவிட்டு, எத்தனை தடவை மனசு ஓடுதுன்னு எண்ணுவோம். பத்தைத் தாண்டினா நிஜத் தோடு."

"முன்னாடியே பழக்கிவிட்டா?"

பெனாசிர் மேடம் ஒரு முறுக்கை உடைத்துப் பாதியை என்னிடம் நீட்டினார். "பழக்கறவங்க உண்டு. நல்லதுதானே? பழகிட்டா அப்புறம் தோடு எதுக்கு?"

பனியன் கம்பெனியில் கழித்துப் போட்ட பட்டன்களை ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். அன்று சாயங்காலமே ஆரம்பித்தோம். அல்லி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தேன், அவள் முகம் எதிரே இருந்த பீரோக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி.

"அம்மா, இங்க பாரேன். ரெண்டு ஓட்டை பட்டன் பன்னி மூக்கு மாதிரியே இருக்குது."

"ஆமா. நீலத்தை இந்தப் பக்கம் வை."

"அப்ப நாலு ஓட்டை பட்டன்?"

"தெரியலையே."

"ரெண்டு பன்னி முத்தம் குடுக்குது!"

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்துப் பின்னால் சாய, பட்டன் எல்லாம் கொட்டிவிட்டது. அன்று நாற்பது நிமிஷத்தில் அவள் கண் முப்பத்திரண்டு தடவை பட்டனை விட்டுப் போனது.

"எதுக்கும்மா இது?"

"தோடு போடாம இருக்கறதுக்கு."

"எனக்குத் தோடு பிடிக்கும். பளபளன்னு இருக்கும். அப்பத்தா பேசுவாங்கன்னு அப்பா சொன்னாரு."

"நாள் பூரா பேசும் அல்லி. நிறுத்தவே நிறுத்தாது."

"நீயுந்தான் பேசற" என்றாள்.

இரண்டாவது நாள் பன்னி வந்தபோது நான் சிரிக்கவில்லை. "அல்லி, பட்டன்" என்றேன். கத்தவில்லை, அதட்டவில்லை. கத்தினால் அழுவாள், அழுதால் மனசு ஓடிவிடும். கண்ணாடியில் அவள் கண்ணைப் பார்ப்பேன். விழி லேசாகத் தளர்ந்து தூரத்துக்குப் போகும். அந்தத் தளர்ச்சி எப்படி வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். ஏழுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். "அல்லி, பட்டன்."

பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வரும் வழியிலும் பழக்கினேன். சாப்பிடும்போதும். அல்லி, சோறு. அல்லி, செருப்பு. முப்பத்திரண்டு இருபத்தைந்து ஆயிற்று. பிறகு பதினெட்டு. மூன்றாவது வாரத்தில் பதினொன்று.

ஒரு விசித்திரமும் நடந்தது. அவளைக் கவனிக்க ஆரம்பித்த பிறகு என் தோடு பேசுவதே குறைந்துவிட்டது. பிள்ளை பட்டியலில் இருக்கிறாள் அல்லவா? அவள் கண்ணிலிருந்து என் கண் நகரவே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குத் தொண்ணூற்று நாலு வந்தது. பால் பொங்கவில்லை, சோற்றில் உப்பு இரண்டு தடவை விழவில்லை, பாதி குடித்த டீ டம்ளர்கள் வீட்டில் மூலைக்கு மூலை நிற்கவில்லை.

அவருக்குத்தான் வருத்தம். வெங்காயம் உரிக்கும்போது காது வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன கௌசி, அம்மா இப்பெல்லாம் பேசறதே இல்லையே?" என்றார்.

"வேலை சரியா நடக்குதுங்க மாமா. அதான்."

"ம்" என்று என் தலையில் இருந்த நூல் பிசிறை எடுத்துவிட்டுப் போனார்.

கடைசி வாரத்தில் ஒருநாள், அல்லி பட்டன் கூடையின் முன்னால் உட்கார்ந்ததுமே திரும்பினாள். முகமெல்லாம் வெளிச்சம். "அம்மா, இன்னிக்கு ஸ்கூல்ல என்னாச்சு தெரியுமா? ஒரு கதை."

"அப்புறம் சொல்லலாம். அல்லி, பட்டன்."

"குட்டிக் கதைம்மா. தம்மாத்தூண்டு."

"அல்லி."

அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய்க்குள் கதை இன்னும் இருப்பது கண்ணாடியில் தெரிந்தது. கன்னம் உப்பியிருந்தது. சிவப்புப் பட்டனைச் சிவப்பில் வைத்தாள். மஞ்சளை மஞ்சளில். கொஞ்ச நேரத்தில் கன்னம் சாதாரணமாகிவிட்டது. நாற்பது நாள் முடியட்டும், எல்லாக் கதையையும் உட்கார்ந்து கேட்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவருக்கு ஷிப்ட் இருந்தது. நானும் அல்லியும் பஸ்ஸில் போனோம். அவர் எழுதிக் கொடுத்த மனு என் பையில் இருந்தது. 'என் தாயாரின் குரலை என் மகளின் தோட்டில் ஏற்றித் தருமாறு' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

சோதனை அறையைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அல்லியின் காதில் கிளிப் மாட்டினார்கள். கூடையை வைத்தார்கள். ஜன்னலை வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தார்கள். அதற்கு வெளியே ஒரு அணில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. எனக்கே அணிலைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அல்லி பட்டனை எடுத்தாள், வைத்தாள். எடுத்தாள், வைத்தாள். நாலு ஓட்டைப் பட்டன் ஒன்று கையில் வந்தது. வைத்தாள்.

நாற்பது நிமிஷம் கழித்துப் பெனாசிர் மேடம் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "மூணு! மூணே மூணு! அதுலயும் ஒண்ணு தும்மல். என்னம்மா மாயம் பண்ணின?"

தாளில் 'தோடு தேவையில்லை' என்று முத்திரை குத்திக் கொடுத்தார். மனுவை வெளியே எடுக்கவே இல்லை. அல்லிக்கு ஒரு முறுக்கு கிடைத்தது.

அவருக்குப் போன் போட்டேன். மிஷின் சத்தத்துக்கு நடுவே, "அப்ப வேண்டாமாமா?" என்றார்.

"வேண்டாமாமுங்க."

"சரி. நல்லதுதான். அப்ப அம்மா இனி உங்கூட மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பரவாயில்லை. எனக்கு இருந்துவிட்டுப் போகட்டும். இவளுக்கு இல்லை. பஸ்ஸில் ஏறும்போது எனக்கு உடம்பே எடையில்லாமல் இருந்தது. அல்லிக்கு ஜன்னலோர இடம் கொடுத்தேன். டிக்கெட்டை அவள் கையில் கொடுத்தேன்.

"அல்லி, அன்னிக்கு ஒரு கதை சொல்ல வந்தியே, ஸ்கூல்ல நடந்ததுன்னு. இப்பச் சொல்லு."

"எந்தக் கதை?"

"தம்மாத்தூண்டு கதைன்னியே."

யோசித்தாள். "தெரியலம்மா. மறந்துடுச்சு."

"சரி, வேற சொல்லு."

"வேற இல்லம்மா."

பல்லடம் ரோடு முக்கில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி திரும்ப முடியாமல் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் மேல் காற்றாலையின் ஒற்றை இறக்கை. ஒரு தெரு நீளம் இருக்கும். வெள்ளை வெளேரென்று, நுனியில் சிவப்புப் பட்டையோடு, பேக்கரி மாடியை உரசுகிற மாதிரி மெல்ல நகர்ந்தது. இரண்டு பேர் கூடவே நடந்து மின்கம்பியைக் கழியால் தூக்கிப் பிடித்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். பின் சீட்டுக் கிழவர் ஒருவர் "அட சாமி, திமிங்கலமாட்டம் போகுது பாரு" என்றார். முன் சீட்டில் ஒரு குழந்தை கைதட்டியது.

அல்லி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து டிக்கெட்டைப் பார்த்தாள்.

"அல்லி, அங்க பாரு! காத்தாடி இறக்கை!"

"பாத்துட்டேம்மா."

"நல்லாப் பாரு கண்ணு. இன்னிக்கு எவ்வளவு நேரம் வேணாலும் பாக்கலாம்."

"வேண்டாம். பாத்தா நீ கூப்பிடுவ."

"நான் கூப்பிட மாட்டேன். சோதனைதான் முடிஞ்சுதே. நான் ஒண்ணுமே சொல்லலையே."

"இல்லம்மா, சொன்ன." அவள் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித் தருகிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள். "நீ பேசாதப்பவும் கேக்குது. ஸ்கூல்லகூட கேக்குது. இப்ப இறக்கையைப் பாத்தேன்ல, அப்ப 'அல்லி, டிக்கெட்'னு சொன்ன."

இடது காதைத் தொட்டுக் காட்டினாள். காதுகுத்துக்குப் போட்ட சின்ன வளையம் மட்டும்தான் அதில் இருந்தது.

லாரி எப்போது திரும்பி முடித்தது என்று எனக்குத் தெரியாது. பஸ் கிளம்பியதும் தெரியாது. நான் எங்கோ போயிருந்தேன். வெற்றிலைத் தட்டில் தோட்டை வைத்துவிட்டு அழுத என் அம்மாவிடம் போயிருந்தேனா, அழுத மூட்டையிடம் போயிருந்தேனா, சொல்ல முடியவில்லை. ஏழு விநாடி ஆகியிருக்க வேண்டும். நாதஸ்வரம் இல்லாமல், ரசம் இல்லாமல், சத்தமே இல்லாத அந்த அறையிலிருந்து அத்தை மெதுவாகக் கேட்டார்:

"புள்ள எங்க?"

அல்லி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். டிக்கெட்டில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக, வரிசை தவறாமல், படித்துக்கொண்டிருந்தாள்.